பம்பளிமாஸ் சர்பத்தில் வைரத்தூள்... வேலைக்காரர்கள் வாக்குமூலத்தில் கவிழ்ந்த பரோடா சிம்மாசனம்!

1874 நவம்பர் 9, திங்கள்கிழமை காலை. பரோடாவில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக இருந்த கர்னல் ராபர்ட் ஃபேர் வாக்கிங் முடித்து வீடு திரும்புகிறார். மேஜை மேல் வழக்கம்போல ஒரு கிளாஸ் பம்பளிமாஸ் சர்பத். இரண்டு மூன்று வாய் குடிக்கிறார். கொஞ்ச நேரத்தில் குமட்டல், தலைசுற்றல். 'பழம் கெட்டுப்போயிருக்கும்போல' என்று மீதியை வெளியே கொட்டுகிறார். கிளாஸைக் கீழே வைக்கும்போதுதான் அடியில் தங்கியிருந்த கசடு கண்ணில் படுகிறது.

அந்தக் கசடுதான் அடுத்த அஞ்சு மாசத்தில் ஒரு மகாராஜாவின் பதவியைப் பறித்தது. சமையல்கட்டு, வராண்டா, வாசல் என அந்த வீட்டில் வேலை பார்த்தவர்கள் வரிசையாக விசாரிக்கப்பட்டார்கள். லண்டன் பேப்பர்கள் வரைக்கும் இதே பேச்சு. விக்டோரியா ராணி காலத்தில் வேலைக்காரர்கள் செய்த கொலைகள் பற்றி நிறைய படித்திருப்பீர்கள். நம்ம நாட்டில் நடந்த இந்தக் கேஸில் உயிர் போகவில்லை. ஆனா, போனது ஒரு ராஜ்ஜியம். கதையின் கடைசி அத்தியாயம் நம்ம காவிரிக் கரைக்கும் மெட்ராஸுக்கும் வந்து நிற்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம்.

யார் இந்த மல்ஹார் ராவ்?

பரோடாவை ஆண்டவர்கள் கெய்க்வாட் வம்சத்து மராத்தியர்கள். 1870-ல் மன்னர் காண்டே ராவ் இறந்ததும் அவர் தம்பி மல்ஹார் ராவ் ஆட்சிக்கு வந்தார். எங்கிருந்து வந்தார் தெரியுமா? காவலில் இருந்து. அண்ணனைக் கொல்லச் சதி செய்தார் என்ற குற்றச்சாட்டில் அவரைப் பல வருஷமாகப் பாத்ரா என்ற ஊரில் அடைத்து வைத்திருந்தார்கள்.

காண்டே ராவ் இறந்தபோது அவர் மனைவி ஜம்னாபாய் கர்ப்பமாக இருந்தார். ஆண் குழந்தை பிறந்தால் அதுதான் வாரிசு. 1871-ல் பிறந்தது பெண் குழந்தை. மல்ஹார் ராவின் நாற்காலி உறுதியானது.

ஆட்சி எப்படி? மோசம். வரிக்கொடுமை, அண்ணனின் ஆட்களைப் பழிவாங்குவது, கஜானாவைத் தண்ணீராகச் செலவழிப்பது எனப் புகார்கள் குவிந்தன. தங்கத்திலேயே பீரங்கி செய்துவைத்த மனிதர் இவர்.

1873-ல் பரோடாவுக்கு ரெசிடென்டாக வந்தவர்தான் கர்னல் ஃபேர். ரெசிடென்ட் என்றால், சமஸ்தானத்தில் உட்கார்ந்துகொண்டு மன்னரைக் கண்காணிக்கும் பிரிட்டிஷ் அதிகாரி. ஃபேருக்கும் மன்னருக்கும் ஆரம்பத்தில் இருந்தே ஆகவில்லை. அவர் அனுப்பிய புகார்களின் பேரில் ஒரு விசாரணைக் கமிஷன் வந்தது. '1875 டிசம்பர் முடிவதற்குள் ஆட்சியைச் சரிசெய்யுங்கள்' என்று வைஸ்ராய் நார்த்புரூக் கெடு வைத்தார். நிர்வாகத்தைச் சீர்படுத்த மல்ஹார் ராவ் திவானாகக் கொண்டுவந்தது யாரை? பின்னாளில் காங்கிரஸ் தலைவரான தாதாபாய் நௌரோஜியை! அவரையும் ஃபேர் நிம்மதியாக வேலை செய்யவிடவில்லை.

1874 நவம்பர் 2-ம் தேதி, 'ஃபேரை இங்கிருந்து மாற்றுங்கள்' என்று மல்ஹார் ராவ் வைஸ்ராய்க்குக் கடிதம் எழுதினார். சரியாக ஒரு வாரத்தில் சர்பத் சம்பவம்.

ரெசிடென்ஸி என்னும் 'வீடு'

ரெசிடென்ஸி ஓர் ஆபீஸ். அதே சமயம் அது ஒரு குடும்பம் வாழ்ந்த வீடும்கூட. பட்லர், ஆயா, பியூன்கள், பியூன்களுக்கு மேலே ஹவில்தார், அவருக்கும் மேலே ஜமேதார் எனப் பெரிய பட்டாளமே அங்கே இருந்தது. துரை யாரிடம் பேசினார், எந்தக் கடிதத்தைப் படித்துக் கோபப்பட்டார், யாரை வீட்டுக்குக் கூப்பிட்டார்... இதெல்லாம் அரண்மனையைவிட இவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

இந்தத் தகவலுக்கு விலை இருந்தது. அரண்மனை ஆட்கள் ரெசிடென்ஸி வேலைக்காரர்களுக்குப் பணம் கொடுத்துச் செய்தி வாங்கினார்கள். மறுபக்கம், அரண்மனைக்குள் நடப்பது பற்றி ஃபேருக்கும் ரகசியத் தகவல்கள் வந்துகொண்டிருந்தன. இரண்டு பெரிய இடங்களுக்கு நடுவே, சொற்பச் சம்பளத்தில் வேலை பார்த்த சிலர். இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டால்தான் மீதிக் கதை புரியும்.

வைரத்தூள் சாப்பிட்டா செத்துடுவாங்களா?

கிளாஸில் மிஞ்சிய கசடை ரெசிடென்ஸி டாக்டர் சீவர்ட் சோதித்தார். அப்புறம் பம்பாயில் இருந்த ரசாயனப் பரிசோதகர் டாக்டர் கிரேவுக்கு அனுப்பினார்கள். இரண்டு பொருள்கள் சிக்கின. ஒன்று ஆர்சனிக். இன்னொன்று, கண்ணாடிபோல மினுங்கும் துகள். அது வைரத்தூள் என்று வழக்கில் சொல்லப்பட்டது.

ஆர்சனிக் 19-ம் நூற்றாண்டின் சூப்பர்ஹிட் விஷம். வெள்ளைப் பொடி, கிட்டத்தட்ட சுவையே கிடையாது, பல ஊர்களில் எலி மருந்தாகச் சுலபமாகக் கிடைத்தது. வாந்தி, வயிற்றுப்போக்கு என அறிகுறிகளும் காலராபோலவே இருக்கும். காலரா சர்வசாதாரணமாக இருந்த காலத்தில் யாருக்குச் சந்தேகம் வரும்? 1836-ல் ஜேம்ஸ் மார்ஷ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் ஒரு சோதனையைக் கண்டுபிடித்த பிறகுதான், துளி ஆர்சனிக் இருந்தாலும் காட்டிக்கொடுக்க முடிந்தது. ஆர்சனிக்குக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. குளிர்ந்த தண்ணீரில் அது சரியாகக் கரையாது. நன்றாகக் கலக்காவிட்டால் அடியில் தங்கிவிடும்.

சரி, வைரத்தூள்? 'வைரத்தைப் பொடி பண்ணிக் குடிச்சா குடலை அறுத்துடும்' என்று நம்ம ஊரிலும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகளாக இந்த நம்பிக்கை இருந்தது. உண்மையில் வைரம் என்பது கார்பன். உடம்பில் கரையாது, ரத்தத்தில் கலக்காது, விஷமும் கிடையாது. கொல்லும் வேலையை ஆர்சனிக் பார்த்துக்கொள்ளும். ஆனால், விசாரணையில் வைரத்தூளுக்கு வேறொரு மதிப்பு இருந்தது. எலி மருந்தை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வைரத்தைப் பொடி செய்ய யாரால் முடியும்? விரல் நேராக அரண்மனையை நோக்கி நீண்டது.

வாயைத் திறந்த ராவ்ஜி

டிசம்பரில் ஃபேரை மாற்றிவிட்டு, சர் லூயிஸ் பெல்லியைப் பரோடாவுக்கு அனுப்பினார் வைஸ்ராய். துப்பறிய வந்தவர் பம்பாய் போலீஸ் கமிஷனர் ஃபிராங்க் சூட்டர். இவர்கள் வலையில் யார் யார் சிக்கினார்கள்?

* ராவ்ஜி: பியூன்களின் ஹவில்தார். சம்பளத்துக்கு மீறி நகைநட்டு வாங்கியதால் சந்தேகம் விழுந்தது. மன்னிப்பு தருவதாகச் சொன்னதும், 'சர்பத்தில் பொடியைப் போட்டது நான்தான்' என்று ஒப்புக்கொண்டார். ராத்திரி நேரத்தில் அரண்மனைக்குப் போனதாகவும், மன்னரே வேலையை ஒப்படைத்ததாகவும் சொன்னார்.

* நர்சு: ஜமேதார். ராவ்ஜியின் மேலாள். விஷப் பொட்டலம் தன் கை வழியாகத்தான் போனது என்று வாக்குமூலம் கொடுத்தார். அதன்பின் காவலில் இருந்தபோது ரெசிடென்ஸி கிணற்றில் விழுந்து, தூக்கிக் காப்பாற்றப்பட்டார்.

* அமீனா: வீட்டு ஆயா. அரண்மனைக்குப் போய் மன்னரைச் சந்தித்ததாகச் சாட்சி சொன்னார்.

* பெட்ரோ டி சூசா: கோவாக்காரரான பட்லர். அரண்மனைப் பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டார். ஆனால், 'விஷத்துக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை' என்பதில் கடைசி வரை உறுதியாக இருந்தார்.

* தாமோதர் பந்த்: மன்னரின் அந்தரங்கச் செயலாளர். கொஞ்ச நாள் காவலில் இருந்த பிறகு, ஆர்சனிக்கும் வைரமும் ஏற்பாடு செய்து கொடுத்ததே தான்தான் என்றார். அவருக்கும் மன்னிப்பு.

முக்கியமான ஒரு தடயமும் கிடைத்தது. ராவ்ஜியின் பெல்ட்டுக்குள் ஒரு சின்னப் பொட்டலம். உள்ளே ஆர்சனிக்.

1875 ஜனவரியில் மல்ஹார் ராவ் கைது செய்யப்பட்டார். தன் மண்ணிலேயே ஒரு மன்னர் விசாரணைக் கைதி!

லண்டனில் இருந்து வந்த ஸ்டார் வக்கீல்

பிப்ரவரி 23-ம் தேதி பரோடாவில் விசாரணை தொடங்கியது. இது சாதாரண கோர்ட் கிடையாது. ஆறு பேர் கொண்ட கமிஷன். கல்கத்தா தலைமை நீதிபதி சர் ரிச்சர்ட் கௌச் தலைமையில் மூன்று பிரிட்டிஷ்காரர்கள். அந்தப் பக்கம் குவாலியர் மகாராஜா சிந்தியா, ஜெய்ப்பூர் மகாராஜா ராம் சிங், குவாலியரின் முன்னாள் திவான் சர் தினகர் ராவ் என மூன்று இந்தியர்கள். அரசுத் தரப்பில் பம்பாய் அட்வகேட் ஜெனரல் ஸ்கோபிள்.

மல்ஹார் ராவுக்காகக் கப்பலேறி வந்தவர் வில்லியம் பாலன்டைன். குறுக்கு விசாரணைக்குப் பேர்போன லண்டன் வக்கீல். இங்கிலாந்தையே கலக்கிய டிச்போர்ன் ஆள்மாறாட்ட வழக்கில் வாதாடியவர். அவர் எடுத்துவைத்த கேள்விகள் இன்றைக்குப் படித்தாலும் நியாயமாகவே இருக்கின்றன.

முதல் கேள்வி, பெல்ட் பொட்டலம். ராவ்ஜி வாக்குமூலம் கொடுத்த பிறகு, போலீஸ்காரர் தேடும்போது சாவகாசமாகக் கிடைக்கிறது. அதுவரை ஏன் யாரும் பார்க்கவில்லை? அங்கே வைக்கப்பட்டதா?

இரண்டாவது, சாட்சிகளின் நிலை. முக்கிய சாட்சிகள் எல்லாரும் குற்றத்தில் தாங்களும் பங்கு என்று சொல்பவர்கள். காவலில் இருந்தவர்கள். மன்னிப்பு கிடைக்கும் என்ற ஆசையில் பேசியவர்கள். நம்ம சினிமா பாஷையில் சொன்னால், அத்தனை பேரும் அப்ரூவர்.

மூன்றாவது, வைரம் விற்றதாகச் சொல்லப்பட்ட நகை வியாபாரி ஹேம்சந்த். சாட்சிக்கூண்டில் ஏறியதும், 'போலீஸ் மிரட்டித்தான் அப்படிச் சொன்னேன்' என்று மாற்றிப் பேசிவிட்டார்.

நான்காவது, ஃபேருக்கு வந்த ரகசியத் தகவல். பம்பாய் ரிப்போர்ட் வருவதற்கு முன்பே, விஷத்தில் வைரத்தூள் இருப்பதாக அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அது யார்? அவருக்கு எப்படித் தெரியும்?

இத்தனைக்கும் மேல், ஒரு மன்னர் தன் ஆட்களை விட்டுச் செய்யக்கூடிய வேலையை, முன்பின் பழக்கமில்லாத பியூன்களை ராத்திரியில் நேரில் கூப்பிட்டுச் சொல்வாரா?

அரசுத் தரப்பிடமும் பதில் இருந்தது. ஃபேர் ஒழிந்தால் அதிகம் சந்தோஷப்படும் ஆள் மல்ஹார் ராவ்தான். வேலைக்காரர்களுக்கு அரண்மனையில் இருந்து பணம் போனதும் உண்மை. தனித்தனியாக விசாரிக்கப்பட்டவர்கள் ஒரே கதையைச் சொல்கிறார்கள் என்று வாதாடினார்கள்.

3 - 3... அப்புறம்?

தீர்ப்பு சரிபாதியாகப் பிரிந்தது. மூன்று பிரிட்டிஷ்காரர்களும் 'குற்றம் நிரூபணமாகிவிட்டது' என்றார்கள். மூன்று இந்தியர்களும் 'கொலை முயற்சி நிரூபிக்கப்படவில்லை' என்றார்கள். ஒரே சாட்சிகள், ஒரே ஆவணங்கள். முடிவு மட்டும் நிறத்தை வைத்துப் பிரிந்ததைப் பார்த்து இந்தியப் பத்திரிகைகள் கொதித்தன. வங்காளத்தில் 'ஹீரக் சூர்ணா', அதாவது வைரத்தூள் என்ற பெயரிலேயே அமிர்தலால் போஸ் நாடகம் எழுதினார். அரசை விமர்சிக்கும் நாடகங்கள் பெருகிய அந்தச் சூழலில்தான் 1876-ல் நாடகத் தடைச் சட்டம் வந்தது.

டை ஆன மேட்ச்சில் என்ன செய்வது? அரசு ஆட்டத்தையே மாற்றியது. 1875 ஏப்ரலில் மல்ஹார் ராவைப் பதவிநீக்கம் செய்தார்கள். விஷ வழக்கைக் காரணமாகக் காட்டவில்லை. 'மோசமான நடத்தை, சீர்கெட்ட ஆட்சி' என்று அறிவித்தார்கள். ஆட்சியைத் திருத்திக்கொள்ளக் கொடுத்த கெடு முடிய இன்னும் எட்டு மாதம் பாக்கி இருந்தது.

பதவி போனவரை எங்கே அனுப்பினார்கள்? மெட்ராஸுக்கு. 1882-ல் இறக்கும் வரை இங்கேதான் இருந்தார்.

முக்கொம்புத் தண்ணீரும் பரோடாவும்

மெட்ராஸுக்கு ஒருவர் வந்தார். பதிலுக்கு இங்கிருந்து ஒருவர் போனார்.

முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற இடத்தில் நாம் செல்ஃபி எடுக்கிற மேலணை, ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டியது. அங்கே வலது பக்கமாகப் பிரிகிற காவிரி ஸ்ரீரங்கத்தைச் சுற்றி, கல்லணையைத் தாண்டிக் கும்பகோணம் போகிறது. அந்தக் கும்பகோணத்தில் 1828-ல் பிறந்தவர் தஞ்சாவூர் மாதவ ராவ். மராத்தி பேசும் தஞ்சைக் குடும்பம். படித்தது மெட்ராஸில். திருவிதாங்கூரிலும் இந்தூரிலும் திவானாக இருந்து பெயர் வாங்கியவர். கலைந்துகிடந்த பரோடாவைச் சரிசெய்ய 1875-ல் பிரிட்டிஷ் அரசு இவரைத்தான் அனுப்பியது. ஏழு வருஷம் திவானாக இருந்து வரி, கோர்ட், போலீஸ், பள்ளிக்கூடம் என நிர்வாகத்தைப் புதிதாகக் கட்டினார். 1887-ல் மெட்ராஸில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது வரவேற்புக் குழுத் தலைவரும் இவரே.

மாதவ ராவ் வளர்த்தெடுத்த சிறுவன் இன்னொரு பெரிய கதை. வாரிசு இல்லாத சிம்மாசனத்துக்கு, நாசிக் பக்கம் கவ்லானா என்ற கிராமத்தில் இருந்த 12 வயதுப் பையனை ஜம்னாபாய் தத்தெடுத்தார். அந்தப் பையன்தான் சாயாஜி ராவ். கட்டாயக் கல்வி கொண்டுவந்தவர், அம்பேத்கர் அமெரிக்காவில் படிக்க உதவித்தொகை கொடுத்தவர் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அவரேதான்.

1880-ல் சாயாஜி ராவ் மணந்ததும் தஞ்சாவூர் மராத்திய அரச குடும்பத்துப் பெண்ணான லட்சுமிபாயை. சிம்னாபாய் என்ற பெயரில் மகாராணி ஆன அவருடன் தஞ்சாவூர் ஆடல் கலைஞர்களும் பரோடா போனார்கள். குஜராத்தில் பரதநாட்டியம் கால்பதித்த கதை இப்படித்தான் தொடங்குகிறது.

அதே காலத்தில் லண்டன்ல...

'வீட்டுக்குள்ளேயே இருக்கும் எதிரி' என்ற பயம் விக்டோரியா கால இங்கிலாந்தை ஆட்டிப்படைத்தது. நடுத்தரக் குடும்பங்கள்கூட வேலையாள் வைத்துக்கொண்ட காலம் அது.

1840-ல் லார்ட் வில்லியம் ரஸ்ஸல் தூக்கத்திலேயே கழுத்தறுத்துக் கொல்லப்பட்டார். செய்தது அவருடைய பணியாள், சுவிட்சர்லாந்துக்காரரான கூர்வாசியே. அவரைத் தூக்கிலிட்டதைப் பார்க்கக் கூடிய பெருங்கூட்டத்தில் சார்லஸ் டிக்கன்ஸும் இருந்தார்.

1879-ல் நடந்தது இன்னும் கொடூரம். ரிச்மண்டில் ஜூலியா மார்த்தா தாமஸ் என்ற விதவையை அவருடைய வேலைக்காரி கேட் வெப்ஸ்டர் கொன்று, உடலைத் துண்டாக்கித் தேம்ஸ் நதியில் வீசினார். பின்பு எஜமானியின் உடைகளைப் போட்டுக்கொண்டு, அவர் பெயரிலேயே வீட்டுச் சாமான்களை விற்கப் பேரம் பேசினார். அதே வருஷம் ஜூலை 29-ல் தூக்கு. கிடைக்காமலேயே இருந்த தலை 2010-ல் சிக்கியது. எங்கே? இயற்கை ஆவணப்படங்களுக்குப் பேர்போன டேவிட் அட்டன்பரோவின் தோட்டத்தில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது!

வெப்ஸ்டர் வழக்குக்கும் பரோடா வழக்குக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ரிச்மண்டில் குற்றம் செய்தவரும் பலன் தேடியவரும் ஒரே ஆள். பரோடாவில் வேலைக்காரர்கள் மேல் பழி விழுந்தாலும், அவர்கள் வாயில் இருந்து வரவேண்டிய பெயர் வேறொருவருடையது. மன்னர் பெயரைச் சொன்னால் மன்னிப்பு. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்கே தெரியும். ராவ்ஜி சொன்னது உண்மையாகவும் இருக்கலாம், பயத்தில் சொன்னதாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துக்காட்டும் ஆதாரம் அந்த விசாரணையில் வரவே இல்லை.

சட்டம் என்ன சொல்லுது?

ஆச்சர்யம் என்னவென்றால், இந்தச் சிக்கலுக்கான விதி அப்போதே இருந்தது. போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்று 1872-ம் வருஷ இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு சொன்னது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தில் அதுவே 23-வது பிரிவு. அப்ரூவர் சாட்சியை மட்டும் நம்பித் தண்டிக்கக் கூடாது, வேறு ஆதாரமும் துணைக்கு வேண்டும் என்பது கோர்ட்டுகள் தொடர்ந்து கடைப்பிடிக்கும் எச்சரிக்கை. பரோடாவில் சாட்சிகள் கமிஷன் முன்பே நேரில் பேசினார்கள். கமிஷனும் கோர்ட் கிடையாது. அதனால் 25-வது பிரிவு அங்கே மல்ஹார் ராவைக் காப்பாற்றவில்லை. ஆனால், அந்த எச்சரிக்கை எதற்காக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

இன்றைக்கும் ஒரு வீட்டில் நகை காணோம் என்றால் முதல் சந்தேகம் யார் மேல் போகும்? வேலைக்கு வருகிற அக்கா மேல்தான். பீரோ இடுக்கில் நகை கிடைத்த பிறகு அவரிடம் ஸாரி சொல்கிறவர்கள் எத்தனை பேர்? தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007-ல் தனி நல வாரியம் அமைக்கப்பட்டது. பதிவு செய்துகொண்டால் கல்வி, திருமணம், விபத்து உதவிகள் கிடைக்கும். உங்க வீட்டுக்கு வேலைக்கு வருகிறவர் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்க. இல்லையென்றால் விண்ணப்பம் போட உதவுங்க. போலீஸ், பஞ்சாயத்து என்று ஒருநாள் பிரச்னை வந்தால், 'நானும் ஒரு தொழிலாளி' என்று காட்ட அவர் கையில் ஒரு அட்டையாவது இருக்கும்.